கடைக்குள் வராத கணக்குப்பிள்ளை

முத்தியால்பேட்டையில் என் சித்தியின் தையல் கடை பத்தடிக்குப் பன்னிரண்டடிதான். ஒரு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், ஆரி வேலைக்கான மரச்சட்டம், ஆணியில் மாட்டிய அளவு ரவிக்கைகள். ஒரு சனிக்கிழமை மாலை அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் சித்தி மெஷினை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தது முப்பத்தொரு முறை. எண்ணிக்கொண்டே இருந்தேன்.

“ரவிக்கை ரெடியா அக்கா?” “லைனிங் வச்சா எவ்வளவு?” “கடை எங்க இருக்கு, லொகேஷன் அனுப்புங்க.” “அனுப்பின பணம் வந்துடுச்சா?” பெரும்பாலும் இவைதான். முப்பத்தொன்றில் சித்தியே பதில் சொல்லியாக வேண்டியவை ஐந்தோ ஆறோ. கழுத்து வெட்டு எவ்வளவு இறக்கலாம், பழைய பட்டுப்புடவையின் ஜரிகையை எடுத்து ரவிக்கையில் வைத்தால் தாங்குமா என்பது மாதிரி. மற்ற எல்லாவற்றுக்கும் வேறு யாரும் பதில் சொல்லியிருக்கலாம்.

“ஒரு ஆள் வச்சுக்கக் கூடாதா சித்தி?” என்றேன்.

“ஆளுக்குச் சம்பளம் குடுத்தா எனக்கு என்னடி மிஞ்சும்? அதோட இந்தக் கடையில இன்னொருத்தர் உக்கார இடம் எங்க இருக்கு?”

இடமில்லாத கடைக்கு, முழுச் சம்பளம் கட்டுபடியாகாத தொழிலுக்கு, கடைக்குள் வராமலேயே வேலை பார்க்கும் உதவியாளர் கிடைத்தால்? உலகம் அவரை ‘விர்ச்சுவல் அசிஸ்டென்ட்’ என்கிறது, பத்திரிகைத் தமிழில் மெய்நிகர் உதவியாளர். அவர் வேறு ஊரில் வீட்டிலிருந்தபடி வேலை செய்யும் மனிதராக இருக்கலாம். போனுக்குள் இருக்கும் மென்பொருளாகவும் இருக்கலாம். புதுச்சேரியின் சிறு வியாபாரிகளுக்கு இவர்களால் எந்த அளவுக்கு உதவ முடியும், எந்த இடத்தில் இவர்களை நம்பக் கூடாது என்று தெரிந்துகொள்ளக் கடைகடையாய் ஏறி இறங்கியதில் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதல் உதவியாளர் ஏற்கெனவே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் கடை பரப்பும் சண்டே மார்க்கெட்டில் நடந்து பாருங்கள். பனியன், செருப்பு, பாத்திரம் என்று குவித்து வைத்திருப்பவர்களில் பலரிடம் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பேசும் பெட்டி இருக்கிறது. கியூஆர் கோடில் பணம் விழுந்ததும் எவ்வளவு வந்தது என்று உரக்கச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ். 2016-ல் யுபிஐ வந்த புதிதில் வியாபாரி ஒவ்வொரு முறையும் போனை எடுத்து மெசேஜைத் தேட வேண்டியிருந்தது. வாங்குபவர் காட்டும் திரை உண்மையா போலியா என்று முழிக்க வேண்டியிருந்தது. அந்தக் கவலையை இந்தப் பெட்டி வாங்கிக்கொண்டது. இரண்டு கையிலும் சரக்கு இருக்கும்போது காதுக்குச் செய்தி வருகிறது, அதுவும் தமிழில். எழுதப் படிக்கத் தெரியாத வியாபாரிக்கும் அது வேலை செய்கிறது. நல்ல உதவியாளருக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே ஒரு வேலை, அதைப் பிசகில்லாமல், முதலாளியின் மொழியில், முதலாளியின் கை ஓயாமல் செய்கிறது.

அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். 2018 ஜனவரியில் வந்த இந்தச் செயலி சித்தியின் போனில் மூன்று வருடமாக இருக்கிறது. ஆனால் அவர் அதைச் சாதாரண வாட்ஸ்அப்பாகத்தான் பயன்படுத்தி வந்தார். அன்று ராத்திரி கடை சாத்திய பிறகு இருவரும் உட்கார்ந்தோம். கடை முகவரி, நேரம், லைனிங்கோடு ஒரு விலை, லைனிங் இல்லாமல் ஒரு விலை என்று பத்துப் பதில்களை ‘குயிக் ரிப்ளை’யில் எழுதி வைத்தோம். இனிமேல் ஒரு சாய்கோடும் ஒரு சொல்லும் தட்டினால் முழுப் பதிலும் போய்விடும். கடை மூடியிருக்கும் நேரத்தில் எழுதுபவர்களுக்குத் தானாகப் போகும்படி ஒரு செய்தி. புது ஆர்டர், பணம் பாக்கி, முடிந்தது என்று ஒவ்வொரு வாடிக்கையாளர் மேலும் ஒரு நிற லேபிள். தைத்த ரவிக்கைகளின் படங்களை விலையோடு அடுக்கிய கேட்டலாக். முழுசும் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது, செலவு ஒரு பைசா இல்லை. பணம் கொடுத்து ஆள் தேடும் முன் கையில் இருக்கும் போனை வேலை வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது நான் எல்லோரிடமும் சொல்லும் முதல் வார்த்தை.

இதற்கு மேல்தான் விஷயம் சிக்கலாகிறது.

ஒரு தெருவுக்கு இரண்டு சட்டம்

முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே நடந்தால் சிறிது நேரத்தில் கோட்டக்குப்பம் வந்துவிடும். அது தமிழ்நாடு. இந்தப் பக்கம் வியாபாரிகளின் ஜிஎஸ்டி எண் 34-ல் தொடங்கும், அந்தப் பக்கம் 33-ல். சித்தியின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம்.

ரவிக்கை தைப்பதோடு சித்தி சொந்தமாகத் துணி எடுத்து நைட்டி தைத்து விற்கிறார். அதை இன்ஸ்டாகிராமில் போட்டு கூரியரில் அனுப்பலாமா, ஜிஎஸ்டி வேண்டுமா என்று கேட்டார். ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் நான் தமிழில் கேட்டேன். ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குக் கீழ் விற்றால் பதிவு தேவையில்லை என்று தெளிவாக, மரியாதையாக, ஒரு நொடியில் பதில் வந்தது.

அந்தப் பதில் இரண்டு வகையில் தவறு. 2019 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சரக்கு விற்பவர்களுக்கு 40 லட்சம் என்பது பெரும்பாலான மாநிலங்களுக்கு. புதுச்சேரி அந்தப் பட்டியலில் இல்லை, இங்கே வரம்பு 20 லட்சம்தான். இரண்டாவது தவறு இன்னும் பெரியது. மாநில எல்லை தாண்டிச் சரக்கு விற்றால், விற்பனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதிவு கட்டாயம் என்பது பொது விதி. அரசு பட்டியலிட்ட கைவினைப் பொருட்களுக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு, நைட்டி அந்தக் கணக்கில் வராது. 2023 அக்டோபரிலிருந்து பதிவில்லாத சிறு வியாபாரிகளும் இ-காமர்ஸ் தளங்களில் விற்கலாம் என்று தளர்த்தினார்கள். அதுவும் தன் மாநிலத்துக்குள் மட்டும்.

இதன் பொருளைப் பாருங்கள். கோட்டக்குப்பத்துக்காரர் துணி கொடுத்து சித்தி தைத்துக் கொடுத்தால் அது சேவை. 20 லட்சம் வரை எல்லை தாண்டினாலும் பிரச்சினை இல்லை. அவரே கடைக்கு வந்து ஒரு நைட்டி வாங்கிப்போனால் அது உள்ளூர் விற்பனை. அதே நைட்டியை சித்தி கூரியரில் அவர் வீட்டுக்கு அனுப்பினால், நடந்து போகிற தூரம்தான் என்றாலும், அது மாநிலங்களுக்கு இடையிலான வியாபாரம். கடலூரில் சோப்பு விற்கும் ஒருவர் சென்னைக்கும் கோவைக்கும் தாராளமாக அனுப்பலாம். புதுச்சேரியில் அதே சோப்பைச் செய்பவர் விழுப்புரத்துக்கு அனுப்புவதற்கே யோசிக்க வேண்டும். இந்த ஊரின் துண்டு துண்டான நிலவரைபடம் சிறு வியாபாரியின் தலையில்தான் வந்து விழுகிறது.

சித்தி அந்த இயந்திரப் பதிலை நம்பியிருந்தால்? எனக்கு உண்மையிலேயே வயிற்றைப் பிசைந்தது. தெரியாது என்று சொல்லாத உதவியாளர்தான் ஆபத்தான உதவியாளர். ஊர் விவரம் சம்பந்தப்பட்ட எதையும், வரி, லைசென்ஸ், மானியம் எதுவானாலும், இயந்திரம் சொல்வதை ஒரு மனிதரிடம் காட்டிச் சரிபார்க்காமல் செய்ய வேண்டாம். கேள்வியிலேயே ‘புதுச்சேரி’ என்று சேர்த்துக் கேட்டால் பதில் கொஞ்சம் மேம்படுகிறது. ஆனாலும் ஆடிட்டரிடமோ வரி ஆலோசகரிடமோ ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

பதிவு செய்தவர்களுக்கு நினைவூட்டுவதற்கு இயந்திரம் மிக நல்லது. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ம் தேதி விற்பனை விவரம், 20-ம் தேதி 3பி படிவம். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய், விற்பனையே இல்லாத மாதத்துக்கும் 20 ரூபாய். மறதிக்கு மட்டுமே கட்டும் அபராதம் இது. போன் காலண்டரில் ஒரு தடவை போட்டு வைத்தால் வருடம் முழுக்கக் கத்தும்.

வில்லியனூர் கற்றுக்கொடுத்தது

தூரத்திலிருந்து வரும் தகவலைச் சாதாரண மக்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்ற கேள்விக்கு விடை தேடிப் பெங்களூருக்கு ஓட வேண்டியதில்லை. புதுச்சேரியிலேயே 1998-ல் அந்தச் சோதனை நடந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐடிஆர்சி அமைப்பின் நிதியோடு, வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. ஊரில் ஒருவர் வீட்டில் போன் இருந்தாலே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. கம்பியில்லா ரேடியோ, சூரிய மின்சாரம், ஒரு கணினி. எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் இயங்கியது. இயக்கியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள்.

வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு வேண்டியது நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் என்ற ஒரே தகவல். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக்கடலின் அலை உயரக் கணிப்பு இருந்தது. அதை வில்லியனூரில் இறக்கி, தமிழாக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்ப, அங்கே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடலுக்குப் போகலாமா என்று முடிவெடுத்தது மீனவர்தான். அமெரிக்காவில் கிடந்த எண்ணைக் கரையில் நிற்பவர் காதுக்குக் கொண்டுவந்து சேர்த்தது நடுவில் நின்ற மனிதர்கள்.

நல்லவாடு மீனவர் கிராமத்தின் கதை இன்னும் அழுத்தமானது. 2004 டிசம்பர் 26 காலை, அந்த ஊர்த் தகவல் மையத்தோடு தொடர்பிருந்த, அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் சுனாமிச் செய்தி கேட்டு ஊருக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரிக்க, மக்கள் கரையை விட்டு ஓடினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, ஊர் பிழைத்தது. தூரத்தில் இருப்பவர் எச்சரித்தார். ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது, எந்தக் குரல் சொன்னால் ஊர் நம்பும் என்று தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தால்? அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சிறு வியாபாரத்துக்கும் இந்த அமைப்புதான் பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இயந்திரத்துக்கு உலகம் தெரியும், ஊர் தெரியாது. இயந்திரத்துக்கும் கடைக்கும் நடுவில் ஊர் தெரிந்த ஒருவர் வேண்டும்.

அப்படி நடுவில் நிற்பவருக்கு இந்த ஊரில் பழைய பெயர் ஒன்று உண்டு: துபாஷ். இரண்டு மொழி அறிந்தவர். பிரெஞ்சுக்காரர்களுக்கும் தமிழ் நெசவாளர்களுக்கும் வணிகர்களுக்கும் நடுவில் பேரம் பேசி, கடிதம் எழுதி, பாக்கி வசூலித்துக் கொடுத்தவர்கள். கனகராய முதலியார் 1746-ல் மறைந்த பிறகு 1747-ல் தலைமை துபாஷ் ஆனவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-லிருந்து 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வந்த நாள், சரக்கு, விலை, கடன், யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதெல்லாம் இருக்கிறது. ஓர் உதவியாளரின் வேலைக் குறிப்பேடாக அதைப் படித்தால் ஒன்று புரியும். பிரெஞ்சு ஆளுநர் துப்ளேக்ஸுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை வெகுவாகத் தீர்மானித்தது அவரைச் சுற்றியிருந்த மொழிபெயர்ப்பாளர்கள். துப்ளேக்ஸின் மனைவி, புதுச்சேரியிலேயே பிறந்த ழான், தனியாக ஒரு செய்தித் தொடர்பை வளர்த்துக்கொண்டார். பிள்ளைக்கும் அவருக்கும் இடையே நடந்த பனிப்போர் நாட்குறிப்பு நெடுக வருகிறது. எல்லாச் செய்தியும் ஒரே ஆள் வழியாகப் போகும் வீட்டில் சாவி யாரிடம் என்ற சண்டை வந்தே தீரும். இன்றைக்குச் சாவி என்றால் பாஸ்வேர்டு.

பாரிஸ் நேரம், முத்தியால்பேட்டை நேரம்

2005-ல் ஏ.ஜே.ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் அன்றாட வேலைகளைப் பெங்களூரு நிறுவனங்களிடம் ஒப்படைத்துப் பார்த்து எஸ்கொயர் இதழில் எழுதினார். 2007-ல் டிம் ஃபெரிஸ் என்ற எழுத்தாளரின் புத்தகம் அந்த யோசனையை உலகமெங்கும் பரப்பியது. அமெரிக்காவின் சிறு முதலாளிக்கு இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் உதவியாளர் கிடைத்தார்கள். நம் ஊர்ச் சிறு முதலாளிக்கு மட்டும் யாரும் கிடைக்கவில்லை. இருபது வருடம் அடுத்தவர் கடைக்கு வேலை பார்த்த கைகள் இப்போதாவது நம் கடைப்பக்கம் திரும்ப வேண்டும்.

அதற்கு வேண்டிய ஆட்கள் இங்கே ஏராளம். பட்டம் முடித்து, கல்யாணமாகி, குழந்தைக்காக வேலையை விட்ட பெண்கள் லாஸ்பேட்டையிலும் வில்லியனூரிலும் அரியாங்குப்பத்திலும் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். டேலி தெரியும், எக்ஸெல் தெரியும். சிலருக்கு பிரெஞ்சும் தெரியும், தமிழ் ஊர்களில் அரிதான சொத்து அது. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள், சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீட்டுப் பிள்ளைகள் என்று இந்த ஊர்க்காரர்கள் பாரிஸ் சுற்றுவட்டாரத்தில் வாழ்கிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு வரும்போது வாங்கிக்கொள்ளச் சித்தியிடம் முன்கூட்டியே ரவிக்கை ஆர்டர் கொடுப்பவர்கள் உண்டு. அவர்கள் வேலை முடிந்து மாலை ஏழரைக்குப் போன் செய்தால் கோடையில் இங்கே இரவு பதினொன்று. சித்தி தூங்கிப்போயிருப்பார்.

இங்கேதான் இயந்திரமும் மனிதரும் சேர்ந்து உழைக்கலாம். அந்தக் குடும்பங்களில் அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பேத்தி பிரெஞ்சில் எழுதியதை மென்பொருள் தமிழாக்கித் தருகிறது. ஆனால் நம் பதிலை அது பிரெஞ்சுக்கு மாற்றும்போது ‘வூ’ வர வேண்டிய இடத்தில் ‘த்யூ’ வந்தால், வயதான அம்மாவை ‘நீ’ என்று கூப்பிட்ட கதையாகிவிடும். குரல் செய்தியை எழுத்தாக்கும் வசதி அளவுகளில் தடுக்கி விழுகிறது. ‘முப்பத்தாறரை’ என்று சொன்னால் ‘முப்பத்தாறு’ என்று எழுதிவிடும். ரவிக்கையில் அரை இன்ச் என்றால் கொக்கி பூட்டாது. அளவு என்று வந்துவிட்டால் ஒரு மனிதர் திருப்பிக் கேட்டு உறுதி செய்தாக வேண்டும்.

வீட்டோடு இரண்டு அறை வாடகைக்கு விடும் விருந்தினர் இல்லங்களுக்கு இந்த உதவி இன்னும் அவசரம். சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வெள்ளிக்கிழமை ராத்திரி விசாரணைகள் கொட்டும். உடனே பதில் போகாவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். வெளிநாட்டவர் தங்கினால், சி படிவம் என்று எல்லோரும் சொல்லும் விவரப் பதிவை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் செய்தாக வேண்டும். காலைச் சமையல், துணி மாற்றல், விருந்தினர் சாவி என்று அலையும் வீட்டுக்காரம்மாவுக்கு அதை நினைவு வைத்து முடித்துக் கொடுக்க ஓர் ஆள் இருந்தால் எவ்வளவு ஆறுதல்!

நான் பேசியவர்கள் அதிகம் ஏங்கியது ஒன்றுக்குத்தான். பாக்கி கேட்க ஒருவர் வேண்டும். தெரிந்தவரிடம் பணம் கேட்க நமக்கு நாக்கு எழாது. வேறொரு குரல், பணிவாக, தேதி தவறாமல் கேட்டால் வந்துவிடுகிறது. ஹோட்டல்களுக்குச் சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உத்யம் என்ற அரசுப் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் சொல்கிறது, தாமதத்துக்கு வட்டியும் உண்டு. 45-வது நாள் எது என்று எண்ணிக்கொண்டிருக்க ஓர் உதவியாளர் போதும். உத்யம் பதிவுக்கு அரசுத் தளத்தில் கட்டணமே கிடையாது. அதே மாதிரித் தோற்றமுள்ள தனியார் தளங்கள் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

சித்திக்கு வில்லியனூரில் ஒரு பெண் கிடைத்தாள். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவின் மருமகள், கைக்குழந்தைக்காரி. தினம் இரண்டு மணி நேரம் வேலை, மாதச் சம்பளம் பேசி ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. வாட்ஸ்அப் பிசினஸை அவள் தன் கணினியில் இணைத்த கருவியாகத் திறந்துகொள்கிறாள், வேண்டாமென்றால் சித்தியின் போனிலிருந்தே அதைத் துண்டித்துவிடலாம். வங்கிச் செயலியும் ஓடிபியும் சித்தியைத் தாண்டிப் போகாது. யார் கேட்டாலும், அவளே கேட்டாலும் கிடையாது. விலை குறைப்பது, தேதி கொடுப்பது இரண்டும் சித்தியின் வாயிலிருந்துதான் வர வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பும் படங்களும் உடல் அளவுகளும் வேலை முடிந்ததும் அவள் கணினியிலிருந்து அழிக்கப்பட வேண்டும். நம்மை நம்பி ஒரு பெண் அனுப்பும் அளவு அது.

முதல் வாரம் குழப்பம்தான். ஒரே ஆளுக்கு இருவரும் இரண்டு தேதி சொன்னார்கள். “நானே பாத்துக்கறேன், விடுடி” என்று சித்தி இரண்டு முறை கோபித்துக்கொண்டார். பிறகு தினம் ராத்திரி ஒன்பதரைக்கு ஐந்து நிமிடம் பேசிவிடுவது என்று முடிவானது.

போன வாரம் அந்த நேரத்தில் நான் கடையில் இருந்தேன். ஸ்பீக்கரில் அவள் குரல், பின்னால் குழந்தையின் சிணுங்கல்.

“அக்கா, பாரிஸ் அம்மா அளவு முப்பத்தாறரைதான், ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிட்டேன். நாளைக்கு டெலிவரி நாலு. பாக்கி மூணு பேரு. ரெண்டு பேருக்கு மெசேஜ் போட்டாச்சு. கோட்டக்குப்பம் அம்மாவுக்கு நாப்பது நாள் ஆச்சு, ரிமைண்டர் போடட்டுமா?”

சித்தி கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“அவங்களுக்கு வேணாம்மா. போன வெள்ளிக்கிழமைதான் அவங்க வீட்டுக்காரருக்குக் காரியம் நடந்துச்சு. நான் ஒரு நடை நேர்ல போயிட்டு வர்றேன்.”